பம்பியின் காபரேட்டரும் கல்முனைக்குடி காக்காவும்

(தோட்ட இளைஞர் கழகக் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பொதுவாக நாம் இந்த மேடைக்கு வந்தால் போஷாக்கு, கிணற்றுத் தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு இரும்புச் சாமானைப் பற்றிப் பேசப் போகிறோம். மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற பம்பி இருக்கிறதே, அதன் வயிற்றில் ஒட்டிக் கொண்டிருக்கிற காபரேட்டர். முன்னால் உட்கார்ந்திருக்கிற அக்காமார் சிரிக்கிறார்கள். பரவாயில்லை, சிரியுங்கள். ஆனால் மாசி மாதம் கரட் பாத்தி வெடிக்கிற நேரத்தில் பம்பி இழுக்க இழுக்கப் பிடிக்காமல் நின்றால் யார் வீட்டில் அழுகை என்பது உங்களுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். எமது பகுதியில் ஐந்து குடும்பம் சேர்ந்து, பேர் நாளில் மிச்சம் பிடித்த காசில் ஒரு இரண்டு அங்குல பம்பி வாங்கியிருந்தார்கள். பெற்றோலில் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடுகிற வகை. ஒரு மழைக்காலம் முழுக்க அது லயத்துக்குப் பின்னால் சாக்கு போர்த்தியபடி கிடந்தது. வெயில் வந்து இழுத்தால் பிடிக்கவில்லை. டவுனில் கேட்டதற்கு, காபரேட்டரையே புதிசாக மாற்றணும் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். ஐந்து குடும்பமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்ற பேச்சும் வந்தது. மூன்று குடும்பம் போடலாம் என்றது, இரண்டு குடும்பம் கூடாது என்றது. தண்ணீர்ச் சண்டை பம்பிச் சண்டையாகி, ஒரே லயத்தில் இருந்த அண்ணன் தம்பி கூடப் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது.

அந்த நேரத்தில்தான் எமது இளைஞர் நான்கு பேரைக் கூட்டிக் கொண்டு நாம் கல்முனைக்குடிக்குப் போனோம். மரக்கறி லொறியில், பதுளை, பிபிலை, அம்பாறை வழியாக. பம்பியையும் தாங்கியைக் காலி பண்ணி ஏற்றிக் கொண்டோம். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். அங்கே கடற்கரையில் சிறிய எஞ்சின் என்பது ஒவ்வொரு வீட்டின் சோறு. பைபர் போட்டுக்குப் பின்னால் தொங்குகிற எஞ்சின் விடியற்காலையில் பிடிக்காவிட்டால் அன்றைக்கு உலை இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அந்தக் கரையை அடித்துப் போனதே, அதற்குப் பிறகு மண்ணிலிருந்து தோண்டி எடுத்த எஞ்சின்களைப் பிரித்துக் கழுவிப் பூட்டியே கை பழகியவர்கள் அங்கே உண்டு. கடற்கரைப் பள்ளிக்குக் கொஞ்சம் அப்பால், தகரக் கொட்டில் ஒன்றில் அப்படி ஒருவரிடம் போய் உட்கார்ந்தோம். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எமது பையன்களுக்குக் காக்கா என்றால் மரத்தில் கத்துவதுதானே, முதல் நாள் கூப்பிட வாய் வரவில்லை. மலையகத்துப் பழக்கத்தில் நானா, நானா என்றார்கள். இரண்டாம் நாள் காக்கா என்றே வந்துவிட்டது.

அவர் பம்பியைப் பார்த்தவுடன் ஸ்பனரைத் தொடவில்லை. "அவசரப்படாதீங்க மகன். காபரேட்டர்லதான் பிழை எண்டு ஆரு சொன்ன? முதல்ல அதக் கேட்டுப் பாப்பம்" என்றார். இதுதான் முதல் பாடம், நாமும் அதையே முதலில் சொல்கிறோம். எஞ்சின் பிடிக்காததற்குப் பாதி நேரம் காரணம் வெளியே இருக்கிறது. தாங்கியில் எண்ணெய் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா, தாங்கி மூடியில் காற்றுப் போகிற சின்ன ஓட்டை அடைத்திருக்கிறதா, ஏர் கிளீனர் பஞ்சு சேறாகி இருக்கிறதா. மூடியின் ஓட்டை அடைத்தால் எண்ணெய் இறங்காது. டின் பாலில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் வராதே, அதே கதைதான்.

பிறகு காபரேட்டரின் அடிக் கிண்ணத்தில் ஒரு சின்ன வடிகால் திருகாணி இருக்கும். கீழே தகர டின்னை வைத்து அதைத் தளர்த்த வேண்டும். எண்ணெய் வந்தால் கிண்ணம் வரைக்கும் வழி சரி. வராவிட்டால் குழாயில், வடியில் பிழை. வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை, பத்து முறை இழுத்த பிறகும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காய்ந்து கிடக்கிறது என்றால்தான் காபரேட்டருக்குள் அடைப்பு. இன்னொரு அடையாளமும் உண்டு. சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் இருமிக் கொண்டு நிற்கும். அது ஜெட் பாதி அடைத்திருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி.

காபரேட்டர் செய்கிற வேலை என்ன? பழைய காலத்தில் மூட்டைப் பூச்சிக்கு ஃபிளிட் அடிக்கிற கைப் பம்ப் வைத்திருந்தோமே, அதுதான். ஒடுக்கமான தொண்டையால் காற்று விரைவாகப் போகும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கிற எண்ணெய் ஒரு நுண்ணிய ஓட்டை வழியாக மேலே எழும்பிப் பனியாகத் தூவிக் காற்றோடு கலக்கிறது. அந்த ஓட்டைக்குத்தான் ஜெட் என்று பெயர். பெற்றோல் எஞ்சினுக்கு நிறைப்படி பார்த்தால் ஒரு பங்கு பெற்றோலுக்குக் கிட்டத்தட்ட 15 பங்கு காற்று வேண்டும். ஹங்கேரி நாட்டில் பாங்கி, சொங்கா என்ற இரண்டு பேர் 1893இல் இப்படித் தூவுகிற காபரேட்டருக்குக் காப்புரிமை எடுத்தார்கள். ஒரு பூக்காரி வாயில் தண்ணீர் வைத்துப் பூவின் மேல் ஊதியதைப் பார்த்து அந்த யோசனை வந்தது என்று ஒரு கதையும் சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, படம் சரியாக மனதில் நிற்கிறது.

கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருக்கிறது. எண்ணெய் நிறைந்தால் மிதவை எழும்பி ஒரு ஊசியைத் தள்ளி வாசலை அடைக்கும். குறைந்தால் இறங்கித் திறக்கும். பீலித் தண்ணீர்த் தொட்டியில் பந்து போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இனி கழற்றுவது. இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும். லயக் காம்பராவுக்குள் வைத்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. வாசலிலும் கூடாது. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து போய் அடுத்த காம்பரா அடுப்பைத் தேடிப் பிடிக்கும். எமது குளிரிலும் அது ஆவியாகும். ஆகவே திறந்த வெளி, எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பீடி சிகரட் பக்கத்தில் வரக் கூடாது. பிளக் தொப்பியைக் கழற்றி ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். குழாயைப் பூட்டுங்கள். குழாயில் வாய் வைத்து உறிஞ்சுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வடித்த பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில், தண்ணிப் போத்தலில் ஊற்றி வைக்கிறோம். பிள்ளைக்குத் தெரியுமா அது என்ன என்று? தாகத்துக்கு எடுத்துக் குடிக்கிறது. அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அந்த எண்ணெய் நெஞ்சறைக்குள் இறங்கிச் சுவாசப்பையைக் கெடுத்துவிடும். உப்புத் தண்ணி, பால், தேங்காய் எண்ணெய் ஒன்றும் வாயில் ஊற்ற வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். றோட்டு மோசம், வரச் சுணங்கும் என்றால் கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மூடியுள்ள தகர டின்னில், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைப்பது ஒன்றும் பெரிய செலவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

காக்கா ஒரு வெள்ளைச் சீலைத் துண்டை விரித்தார். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்தார். வலது பக்கத்திலிருந்து திரும்ப எடுத்துப் பூட்டினால் தவறு வராது. எமது பையன் ஒருவன் போனில் படம் எடுத்துக் கொண்டான். அதுவும் நல்ல பழக்கம்தான். முக்கியமாகப் படம் எடுக்க வேண்டியது கம்பிகளையும் ஸ்பிரிங்கையும். வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஸ்பிரிங் மாட்டுகிற தகட்டில் இரண்டு மூன்று ஓட்டை இருக்கும். எந்த ஓட்டையில் இருந்ததோ அதே ஓட்டைதான். இந்த மாதிரி எஞ்சின்கள் நிமிடத்துக்கு 3600 சுற்று அளவில் ஓடச் செய்தவை. ஸ்பிரிங்கை மாற்றி மாட்டினால் வேகம் தலை தெறிக்கப் போய் உள்ளே தண்டு முறியும். பிறகு நிஜமாகவே பழைய இரும்புக் கடைதான்.

முதலில் ஏர் கிளீனர். மூடியைக் கழற்றிப் பஞ்சை எடுத்துச் சவர்க்காரத் தண்ணியில் அலசிக் காய வைத்து, இரண்டு சொட்டு எஞ்சின் ஒயில் விட்டுப் பிழிந்து வைக்கலாம். அடுத்து எண்ணெய்க் குழாயின் கிளிப்பைக் குறட்டால் நெருக்கிப் பின்னுக்குத் தள்ளிக் குழாயை மெல்லத் திருகி இழுக்க வேண்டும். கீழே டின் இருக்கட்டும், கொஞ்சம் வழியும். பிறகு இரண்டு நட்டு. அதைக் கழற்றினால் காபரேட்டர் இரண்டு நீளமான போல்ட்டில் முன்னுக்கு வழுகி வரும். இங்கேதான் புதிய கை பிழை விடுகிறது. கம்பி மாட்டியிருக்கிறதே என்று கம்பியை வளைத்துக் கழற்றப் பார்க்கும். கம்பியை வளைக்கக் கூடாது. காபரேட்டரைச் சாய்த்துத் திருப்பினால் கம்பி தானாகக் கழன்று வரும். எமது தம்பி ஒருவன் பலத்தைக் காட்டப் போக, காக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தி, "இஞ்ச பாருங்க, கம்பிய கழட்டுறல்ல, பெட்டிய திருப்புற" என்றார். எஞ்சினுக்கும் காபரேட்டருக்கும் நடுவில் மெல்லிய கேஸ்கட்டும் ஒரு கறுப்புக் கட்டையும் இருக்கும். எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் படம் எடுத்து வையுங்கள். கிழிந்த கேஸ்கட்டைத் திரும்பப் போடுவது வீண். அந்த வழியால் காற்று களவாகப் போய் எஞ்சின் ஒழுங்காக ஓடாது.

கிண்ணத்தைப் பிடித்திருப்பது அடியில் ஒரே ஒரு போல்ட். கிண்ணத்தைக் கவிழ்க்காமல் நேராக இறக்க வேண்டும். ஏனென்றால் குற்றம் என்ன என்று சொல்லுகிற சாட்சி அதன் அடியில்தான் இருக்கிறது. எமது பம்பியின் கிண்ணத்தில் மூன்றும் இருந்தன. அடியில் உருண்டை உருண்டையாகத் தண்ணீர், அதன் மேல் துரு, சுவரெல்லாம் மஞ்சள் நிறத்தில் பிசின் மாதிரி ஒரு பூச்சு. அந்தப் பிசின்தான் மாதக் கணக்கில் கிடந்து பழசான எண்ணெய். தண்ணீர் சாக்குக்குள் நின்ற ஈரத்தால் தாங்கியில் வியர்த்தது.

மிதவையைத் தாங்குகிற சின்ன ஊசியை ஒரு பக்கமாகத் தள்ளினால் மிதவையும் அதோடு வாசல் ஊசியும் கையில் வரும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலவென்று கேட்டால் ஓட்டை, மாற்ற வேண்டும். ஊசியின் கூரில் வளையமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் எண்ணெயைத் தடுக்காது. நடுத் தூணுக்குள் இருக்கிற பித்தளைத் திருகாணிதான் பெரிய ஜெட். வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்குரு ட்ரைவரால் மட்டும் கழற்றுங்கள். பித்தளை மெதுவான உலோகம், வாய் சிதைந்தால் பிறகு வராது.

ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிய வேண்டும். எமதில் இருட்டு. பையன் ஒருவன் உடனே ஊக்கு ஒன்றைத் தேடினான். காக்கா விடவில்லை. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அந்த ஓட்டையில் இரும்புக் கம்பி போனால் ஓட்டை பெருத்துவிடும், பிறகு எண்ணெய் குடிக்கும், கரும்புகை தள்ளும். கூரையில் செருகியிருந்த தங்கூசிச் சுருளிலிருந்து ஒரு விரற்கடை வெட்டி, அதால்தான் குத்தி எடுத்தார். மீன் பிடிக்கிற நைலோன் நூல் பித்தளையைக் கீறாது. எமது பக்கம் தங்கூசி இல்லையென்றால் துணி தைக்கிற நைலோன் நூலின் தடித்த வகை போதும். பிறகு காபரேட்டர் கிளீனர் அடித்து, சைக்கிள் பம்பால் ஒவ்வொரு வழிக்கும் காற்று. ஒரு வழியில் அடித்தால் மறு வழியில் துப்பும், கண்ணைப் பார்த்துக் கொள்ளுங்கள். கண்ணாடி போட்டால் நல்லது. ரப்பர் வளையங்களையும் மிதவையையும் அந்த மருந்தில் ஊறப் போட வேண்டாம், ஊதிப் போகும்.

பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு திருகாணி இருந்தால் அதைச் சும்மா சுழற்றாதீர்கள். உள்ளே முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்த பிறகே கழற்ற வேண்டும். திரும்ப அதே அளவு.

பூட்டும்போது மிதவை வாய் மட்டத்துக்குச் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். எல்லாம் பூட்டிய பிறகு உடனே இழுக்க வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு ஒரு ஐந்து நிமிடம் காத்திருங்கள். சொட்டினால் ஊசி அடைக்கவில்லை. அதோடு எஞ்சின் ஒயில் அளவையும் பாருங்கள். ஒயில் கூடியிருக்கிறது, மணந்தால் பெற்றோல் வாடை என்றால், முன்னமே ஊசி கசிந்து எண்ணெய் ஒயிலோடு கலந்துவிட்டது. ஒயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

கடைசியாகப் பிளக் தொப்பியைப் போட்டு நான்காவது இழுப்பில் பிடித்தது. புதிய காபரேட்டர் வேண்டியிருக்கவில்லை. ஒரு கேஸ்கட், ஒரு டின் கிளீனர், அவ்வளவுதான். அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். லொறியிலிருந்து ஒரு பை லீக்ஸ் கொடுத்தோம், அதற்குப் பகல் சாப்பாடு போட்டார்கள்.

அவரிடம் கேட்ட இன்னொரு விஷயம் எமக்கு மிகவும் பிரயோசனம். மண்ணெண்ணெயில் ஓடுகிற போட்காரர்கள் பெற்றோலில் பிடித்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை கிட்டும்போது திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி, அதிலேயே நிறுத்துவார்கள். அப்போதுதான் காபரேட்டருக்குள் பெற்றோல் நிற்கும், மறுநாள் பிடிக்கும். நாம் மண்ணெண்ணெயிலேயே ஓட்டி மண்ணெண்ணெயிலேயே நிறுத்துகிறோம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதே, அதற்குப் பிறகு ஒவ்வொரு சொட்டையும் மிச்சம் பிடிக்கப் பார்த்து இந்தப் பழக்கம் இன்னும் மோசமாகியது. கடைசி இரண்டு நிமிடம் பெற்றோல், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மழைக்காலத்துக்குக் கட்டி வைப்பதென்றால் குழாயைப் பூட்டிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விட்டு, கிண்ணத்தையும் வடித்து வைக்க வேண்டும்.

பம்பியை மலைக்குக் கொண்டு வந்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. கல்முனைக்குடியில் சுத்தமாக ஓடியது இங்கே கொஞ்சம் கறுப்புப் புகை விட்டது. பையன்கள் பயந்து மீண்டும் கழற்ற ஸ்பனரை எடுத்துவிட்டார்கள். அது அழுக்கல்ல. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எமது தோட்டமும் அதற்குக் கொஞ்சம் கீழேதான். பருப்பு வேக இங்கே நேரமெடுப்பதும் அதனால்தான். காற்று மெலிந்து, ஜெட் மட்டும் அதே அளவில் எண்ணெய் கொடுத்தால் கலவை தடித்துப் புகையும். கொஞ்சமாகப் புகைந்தால் விட்டுவிடலாம். பிளக் கரி பிடித்து அடிக்கடி நின்றால் ஒரு அளவு சிறிய ஜெட் கேட்டு வாங்க வேண்டும். மலையில் வாங்குகிறவர்கள் கடையிலேயே இதைச் சொல்லி வாங்குங்கள்.

புல்லு வெட்டுகிற மெஷினைப் பற்றியும் கேட்டீர்கள். 2015இல் கிளைபோசேட்டுக்குத் தடை வந்த பிறகு தோட்டங்களில் அந்த மெஷின் நிறையப் பரவியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்திய பிறகும் அது போகவில்லை. தோளில் மாட்டிச் சாய்த்துப் பிடிக்கிற அந்த மெஷின்களில் பெரும்பாலும் கிண்ணமும் மிதவையும் இராது, மெல்லிய சவ்வு ஒன்றுதான் அந்த வேலையைச் செய்யும். அது சுருங்கினால், கீறினால் போச்சு. முதல் முதல் பழகுகிறவர்கள் அதில் கை வைக்க வேண்டாம் என்பது எமது அபிப்பிராயம். பங்களாப் புல்வெளியில் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற பெற்றோல் புல்வெட்டி இருக்கிறதே, அது நாம் சொன்ன பம்பிக்கு அண்ணன். கிண்ணத்துக்கு அடியில் வயரோடு ஒரு சின்ன உருளை இருக்கும். சாவியை அணைத்தால் எண்ணெயை நிறுத்துவது அது. கிண்ணத்தைக் கழற்றுமுன் பற்றறியின் கறுப்பு வயரைக் கழற்றி, அந்த உருளையின் வயரையும் உருவிவிட வேண்டும்.

அந்த ஐந்து குடும்பமும் இப்போது முறை வைத்துத் தண்ணீர் அடிக்கிறார்கள். அண்ணன் தம்பி இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் பம்பிக்குப் பிளக் வாங்கினால் காசைப் பாதி பாதி கொடுக்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைக் காப்பகத்துக்குப் பின்னால் உள்ள வெளியில் இதைக் கையால் செய்து பழகப் போகிறோம். பழைய காபரேட்டர் இரண்டு தேடி வைத்திருக்கிறோம். 10, 12 நம்பர் ஸ்பனர், ஒரு நல்ல ஸ்குரு ட்ரைவர், வெள்ளைச் சீலைத் துண்டு வைத்திருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள். தங்கச்சிமாரும் தாராளமாக வரலாம், சின்ன ஜெட்டைப் பிடிக்கத் தையல் பழகிய விரல்தான் நல்லது. பெற்றோல் யாரும் கொண்டு வர வேண்டாம்.